முதலாளியை எடை போடுவோம்
(மும்பையில் நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலைக்கு எடுக்கும்போது கம்பெனி நம்மை எடை போடுகிறது. வயதென்ன, படிப்பென்ன என்று கேட்கிறது. கம்பெனியை நாம் எடை போடுகிறோமா? பெரிய கேட்டையும் புது மிஷினையும் கண்டு மயங்கிவிடுகிறோம். மிஷின் வாங்கப் பணம் போதும். ஆட்களை வைத்து நடத்தத்தான் நிர்வாகம் வேண்டும். ரயில்வேயில் ஏடு எழுதிப் பிழைக்கும் எங்களுக்குத் தெரியும், நிர்வாகத்தின் யோக்கியதை ஏட்டில் இருக்கிறது.

சேரும் முன் கேளுங்கள். நியமனக் கடிதம் உண்டா? மாதச் சம்பளம் 7ஆம் தேதிக்குள், சீட்டோடு வருகிறதா? 20 பேர் உள்ள இடத்தில் பி.எஃப். எண் தருகிறார்களா? பொதுவாக நம்மிடம் 12 சதவீதம் பிடித்தால் முதலாளியும் 12 சதவீதம் கட்டவேண்டும். கட்டினாரா என்பதைச் செல்போனிலேயே பார்க்கலாம். 10 பேர் இருந்தால், 21,000 ரூபாய் வரை சம்பளக்காரருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, வீட்டாருக்கும் வைத்தியம் உண்டு. பழைய ஆட்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள்? மூன்று மாதத்தில் எல்லோரும் ஓடும் இடமென்றால் காரணம் இருக்கும்.

நம் தம்பி ஒருவனின் விரல் மிஷினில் போயிற்று. கம்பெனி காண்டிராக்டரைக் காட்டியது; காண்டிராக்டர் கம்பெனியைக் காட்டினார். எந்த ஏட்டிலும் அவன் பெயர் இல்லை. ஆர்டர் குவிந்த கம்பெனிதான்! உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே அதற்குத் தெரியவில்லை.

ஆகவே, கண்டதைச் சங்கத்தில் சொல்லுங்கள். நோட்டில் எழுதி வைப்போம். ஊரிலிருந்து அடுத்து வரும் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகட்டும்.