வெப்பம் வந்த வழி

மலையடிவாரத்து ஊர் என்றதும் குளிர்ந்த காற்றை நினைப்பவர்கள், ஆனி, ஆடி மாதங்களில் சிவகிரிக்கு வந்தால் ஏமாற மாட்டார்கள். சித்திரையில் வந்தால் ஏமாந்து போவார்கள். அப்படிப்பட்ட ஒரு சித்திரையில்தான், எங்கள் வீட்டுக் கொட்டகையில் இரண்டு ஆண்டுகளாக நான் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்த பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் முதன்முறையாகத் தெருவுக்கு வந்தது.

இந்தக் காரைச் சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் 1971 வரை செய்தார்கள். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரோடு பிறந்த வண்டி இது. 1962இல் அங்கே வெளிவந்த ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித் திருத்திச் செய்யப்பட்டது. ஆகவே இரண்டும் உடன்பிறப்புகள், குணமும் ஒன்றுதான். எஞ்சினுக்கும் நம் பாதங்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய இரும்புத் தகடுதான் உண்டு. கியர் பெட்டியோ இரண்டு இருக்கைகளுக்கும் இடையே, நம் முழங்காலை உரசினாற்போல் அமர்ந்திருக்கும். இருவர் மட்டும் நெருங்கி உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரில் இந்தத் துன்பம் இன்னும் அதிகம்.

எனவே உள்ளறைக்கு வெப்பக்காப்பு வேண்டும் என்பதை நான் மறந்துவிடவில்லை. தரை முழுவதும் தேங்காய் நார் மெத்தை, அதன்மேல் கம்பளித் துணி, அதன்மேல் ரப்பர் விரிப்பு என்று மூன்றடுக்குப் போட்டேன். கனம் கூடினால் காப்பும் கூடும் என்பது என் கணக்கு.

இராஜபாளையம் வரை போய்த் திரும்பினோம். கால்கள் வெந்தன. அதைவிடக் கவலை தந்தது வேறொன்று. முன்னிருக்கையில் அமர்ந்திருந்த என் மகன் தலைவலிக்கிறது என்றான். வீடு சேர்ந்ததும் குமட்டல். வெயிலின் கொடுமை என்று மோர் கொடுத்துப் படுக்க வைத்தோம். அவனோடு ஒத்த வெயிலில் சைக்கிளில் வந்த பிள்ளைகளுக்கு ஏன் தலைவலிக்கவில்லை என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கேட்டவர், எனக்கு உதவியாக இருந்த ஒரு முதிய மெக்கானிக். "அண்ணாச்சி, முதலில் வண்டிக்குள் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று பார்ப்போம்" என்றார். அன்றிரவு விரிப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு, எஞ்சின் அருகே ஒரு விளக்கை ஏற்றி வைத்து, மூடியைச் சாத்தினார். கதவுகளை அடைத்துக்கொண்டு நாங்கள் இருட்டில் உட்கார்ந்தோம். இரும்புத் தகட்டில் ஒளிப்புள்ளிகள் நட்சத்திரங்களைப் போலத் தெரிந்தன; பதினொன்று எண்ணினேன். மின்கம்பி நுழையும் துளையில் ரப்பர் வளையம் இல்லை. முன்பு எவரோ துளைத்துவிட்டு மறந்துபோன திருகாணித் துளைகள் நான்கு. கியர் பெட்டியின் உறை ஓரத்தில் கிழிந்து, விரல் நுழையும் சந்து. "வெளிச்சம் வருகிற வழியில் புகை வராதா?" என்றார் அவர்.

மறுநாள் எஞ்சினை ஓட்டிப் பார்த்ததில், புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் சிதைந்து புகை கசிவது தெரிந்தது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் குமட்டலும் அதன் முதல் அறிகுறிகள். என் மகனுக்கு வந்தது வெயில் நோய் அன்று. இன்னும் சற்று நீண்ட பயணமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

அதன் பிறகே, பள்ளியில் படித்த பாடம் எனக்கு விளங்கியது. வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீசல் என்ற மூன்று வழிகளில் பரவும் என்று நீங்களும் படித்திருப்பீர்கள். என் மூன்றடுக்கு மெத்தை முதல் வழியை மட்டுமே தடுத்தது. எஃகு, அசையாத காற்றைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். நாரும் கம்பளியும் காப்பாவது, அவை தம் இழைகளுக்குள் காற்றை அசையாமல் பிடித்து வைப்பதால்தான். ஆனால் துளை வழியே சூடான காற்றே நேராக உள்ளே வரும்போது மெத்தை என்ன செய்யும்?

மூன்றாவது வழி இன்னும் நுட்பமானது. ஒரு பொருள் வீசும் வெப்பக் கதிர், அதன் தனி வெப்பநிலையின் நான்காம் மடியைப் பொறுத்தது என்று ஸ்டெபான் 1879இல் கண்டார். தனி வெப்பநிலை இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு பதினாறு மடங்காகும். பல நூறு டிகிரி சூடேறும் புகைக்குழாய், தனக்கு மேலுள்ள தரையைத் தொடாமலேயே சுடுவது இதனால்தான். பளபளப்பான அலுமினியம் இந்தக் கதிரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அதன் முன்னே காற்றிடைவெளி வேண்டும். மெத்தைகளுக்கு நடுவே வைத்து அழுத்திவிட்டால் அது வெறும் உலோகம்; வெப்பத்தைக் கடத்தத்தான் செய்யும். வெந்நீர்க் குடுவையின் கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சும், இரு சுவர்களுக்கிடையே வெற்றிடமும் வைத்தவர்கள் இதை அறிந்தே வைத்தார்கள்.

எனவே வேலையைத் தலைகீழாகத் தொடங்கினேன். முதலில் புதிய கேஸ்கெட். இரண்டாவதாக, துளைகளுக்குத் தகரமும் ரப்பர் வளையமும் இட்டு, மீண்டும் விளக்கு வைத்து, ஒரு புள்ளியும் தெரியாத வரை அடைத்தேன். மூன்றாவதாக, புகைக்குழாய்க்கும் தரைக்கும் நடுவே இரண்டையும் தொடாதபடி ஓர் அலுமினியத் தகடு. மெத்தை கடைசியில்தான் வந்தது; அதிலும் நாரை விட்டுவிட்டேன். முதல் ஆடிச் சாரலிலேயே அது ஈரத்தைக் குடித்து, தரைத் தகட்டில் துருவை எழுப்பியிருந்தது. அதற்குப் பதில், நீர் ஏறாத, எளிதில் தீப்பற்றாத நுரை ரப்பர் போதுமானதாக இருந்தது. கல்நார் அட்டை போடச் சொன்னவர்களும் உண்டு. பழங்காலத்தில் அதுவே வழக்கம். அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக வெளிப்படும் என்பது இன்று உறுதியாகிவிட்டது. பழைய கார்களைப் பிரிப்பவர்கள், அத்தகைய அட்டையைக் கண்டால் உலர்ந்த நிலையில் சுரண்டாமல் இருப்பது நலம்.

இப்போது அதே இராஜபாளையம் சாலையில் நண்பகலிலும் கால் சுடுவதில்லை. என் மகன் வழி முழுவதும் பேசிக்கொண்டு வருகிறான். கூரையின் வழியாகவும் கண்ணாடியின் வழியாகவும் வரும் வெயிலை மட்டும் நான் இன்னும் வெல்லவில்லை. வண்டியை வேப்பமரத்து நிழலில் நிறுத்தி வைக்கிறேன்.