மாத்திரை ஒன்று, வேலை இரண்டு
(பெங்களூர்க் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சிறுநீரகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது கடல். நான் ஒரே ஒரு மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: கால்சியம்.

என்னிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட பசவனகுடி மாமி ஒருவர், டயாலிசிஸ் ஆரம்பித்து நாலு வருஷம் ஆனவர். வயிற்றைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தபோது, பெரிய ரத்தக்குழாய் சாக்பீஸால் கோடு போட்டதுபோல் வெள்ளையாகத் தெரிந்தது. "கால்சியம் மாத்திரையை எப்போ சாப்பிடறேள் மாமி?" என்று கேட்டேன். "ராத்திரி படுக்கப்போறச்சே, வெந்நீரோட. எலும்புக்கு நல்லதாச்சே! முழங்கால் வலிக்கு இன்னொண்ணும் நானே கடையில வாங்கிண்டேன்" என்றார். சீட்டில் 'சாப்பாட்டுடன்' என்று எழுதியவன் நான்தான். ஏன் என்று சொல்லாததும் நான்தான்.

காரணம் இதுதான். உணவில் வரும் பாஸ்பரஸில் மிஞ்சியதை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதானால், முதலில் சில ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கும். ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கும். பிற்பாடு பாஸ்பரஸ் ஏறும், வைட்டமின் டி குறையும், பாராதைராய்டு ஹார்மோன் எலும்பை அரிக்கும். இங்கே போர்வெல் தண்ணீரால் கீசர் காயிலில் உப்புப் படிகிறதே, ரத்தக்குழாயிலும் அப்படித்தானா? அதைவிட மோசம். குழாய்ச் சுவரின் தசைச் செல்களே எலும்புச் செல்களைப்போல் மாறி, சுண்ணாம்பைச் சேர்க்கின்றன. குழாய் விறைத்து, இதயத்துக்குச் சுமை கூடுகிறது. படிந்ததைக் கரைக்க நிரூபணமான மருந்து இன்னும் இல்லை.

டயாலிசிஸ் போதாதா? கணக்குப் போடுங்கள். தினம் சுமார் 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் சாப்பிட்டால் 600 உடலில் சேரும், வாரத்துக்கு 4200. ஒரு டயாலிசிஸ் சுமார் 800 எடுக்கும். மூன்று தடவைக்கு 2400. மீதியைக் குடலிலேயே மடக்க வேண்டும்.

அதற்குத்தான் மாத்திரை. சாப்பாட்டோடு போனால் கால்சியம் பாஸ்பரஸைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். வெறும் வயிற்றில் போனால் பிடிக்க ஒன்றும் இல்லாமல், கால்சியமே ரத்தத்தில் ஏறும். சரியாகச் சாப்பிட்டாலும் அளவு உண்டு. 2000-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், டயாலிசிஸில் இருந்த 20 முதல் 30 வயதுக்காரர்கள் 16 பேரில் 14 பேருக்கு இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு இருந்தது. அப்படிப் படிந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கால்சியம் மாத்திரை சாப்பிட்டவர்கள். 2017-ன் சர்வதேச வழிகாட்டியும் கால்சியம் மாத்திரையின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. கால்சியம் இல்லாத செவலமர், லாந்தனம் போன்றவையும் உண்டு.

நம் சாப்பாடு விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. பருப்பின் பாஸ்பரஸ் முழுதும் நம் குடலில் ஏறாது. 2011-ல் டயாலிசிஸ் நிலைக்கு வராத 9 நோயாளிகளைக் கொண்டு செய்த சிறிய ஆய்வில், மாமிச உணவைவிடச் சைவ உணவில் ரத்தப் பாஸ்பரஸ் குறைந்தது. பால், தயிரில் உள்ளது அதிகம் ஏறும், அளவு வேண்டும். பாக்கெட் பண்டங்களிலும் கோலாவிலும் சேர்ப்பது ஏறக்குறைய முழுதும் ஏறிவிடும். பாக்கெட்டில் ஐ.என்.எஸ். 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை எண்கள் இருந்தால் சிறுநீரக நோயாளிகள் தவிர்த்துவிடுங்கள்.

ஏகாதசியன்று உபவாசமானால்? சாப்பாடு இல்லாத வேளைக்கு இந்த மாத்திரையும் இல்லை. ஆனால் உபவாசம் இருக்கலாமா என்பதையே முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

மாமிக்கு மருந்தை மாற்றினோம்; பாஸ்பரஸ் இறங்கியது. குழாயில் படிந்தது படிந்ததுதான். அதனால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த மருந்தையும் தானாக நிறுத்தவும் வேண்டாம், தானாக வாங்கவும் வேண்டாம். அடுத்த தடவை போகும்போது எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றையும் காட்டி, "இது எதற்கு, எப்போது?" என்று கேளுங்கள். டாக்டர் அவசரப்பட்டாலும் விடாதீர்கள். அவசரப்பட்டவர்களில் நானும் ஒருவன்.