மணியின் நாவைக் கட்டியவன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

கார்காலம் தொடங்கிவிட்டது, முல்லை அரும்பிவிட்டது. திரும்பி வருவதாகத் தலைவன் குறித்துச் சென்ற பருவம் அது. ஆற்றாமையோடு காத்திருக்கும் தலைவியிடம், அவன் வந்துகொண்டிருக்கிறான் என்று தோழி ஆறுதல் கூறுகிறாள். அவன் தேரில் பூட்டிய குதிரைகளின் வனப்பைச் சொல்பவள், கூடவே ஒரு சிறு செய்தியையும் சொல்கிறாள். வழியிலுள்ள பூஞ்சோலையில் வண்டுகள் தத்தம் துணையோடு தங்கியிருக்கின்றன. தேர்மணியின் ஓசை எழுந்தால் அவை கலங்கிப் பிரியும். அதற்கு அஞ்சித் தலைவன் மணிகளின் நாவைக் கட்டிவிட்டுத் தேரைச் செலுத்துகிறான். அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் காட்சி இது.

இக்காட்சியின் நுட்பம் அதன் எளிமையில் இருக்கிறது. தலைவன் வண்டுகளுக்கு எதையும் கொடுக்கவில்லை. அவற்றைக் காப்பாற்றிவிட்டதாகப் பறைசாற்றவும் இல்லை. தன் பயணத்தையும் அவன் கைவிடவில்லை. காதலியைக் காணும் வேட்கை முன்னே இழுக்க, அந்த விரைவுக்கிடையில், தான் எழுப்பும் ஓசை இன்னோர் உயிரின் இல்லறத்தைக் கலைக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிறான். அந்த ஓசையை மட்டும் அடக்கிக்கொள்கிறான். பிற உயிர்களோடு மனிதன் கொள்ளத்தக்க உறவுக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் கிடைப்பது அரிது. கொடுப்பதினும் கடினமானது அடங்குவது. கொடை ஒரு நாள் செயல். அடக்கமோ நாள்தோறும் பயில வேண்டிய ஒழுக்கம்.

கொடையின் பக்கம் நிற்பவன் வையாவிக் கோப்பெரும் பேகன். குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்று பள்ளிப் பருவத்திலிருந்தே அவன் போற்றப்படுகிறான். ஆனால் புறநானூற்றைத் தொடர்ந்து படிப்போர்க்கு அவனது கதையின் மறுபாதியும் தெரியும். மயிலுக்கு இரங்கிய அம்மன்னன், தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் வாழ்ந்தான். அவள் தனித்திருந்து அழுதாள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய புலவர் நால்வர் அவளுக்காகப் பேகனிடம் சென்று பாடினர். 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் அவ்வழக்கின் பதிவுகள். பொன்னும் பொருளும் வேண்டாம், அவளிடம் நீ திரும்பிச் செல்வதே எமக்குப் பரிசில் என்பது அவர்கள் முன்வைத்த வேண்டுகோளின் சாரம். மயிலுக்குப் போர்த்திய அருளைப் பாராட்டும் பரணரே, அந்த அருள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டதையும் சுட்டுகிறார். அருள் என்பது ஆளுக்கேற்ப அணிந்து கழற்றும் ஆடை அன்று என்பதே அப்புலவர்கள் உணர்த்திய பாடம். விலங்கிடம் காட்டும் பரிவு வீட்டிலும் விளங்க வேண்டும். வீட்டில் காட்டும் பரிவு வெளியிலும் செல்ல வேண்டும்.

சங்கப் புலவர்களுக்கு இத்தெளிவு எங்கிருந்து வந்தது? அவர்கள் விலங்குகளை உற்றுப் பார்த்தார்கள் என்பதே விடை. குறுந்தொகையின் 69ஆம் பாடலில் ஆண் குரங்கு இறந்துபடுகிறது. அதன் துணையாகிய மந்தி, இன்னும் மரமேறிப் பழகாத தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்ப்பித்துவிட்டு மலையுச்சியிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. இரவில் மலைவழியே வரும் தலைவனிடம், அத்தகைய மலைக்கு உரியவனே, இனி இருளில் வாராதே என்று தோழி சொல்கிறாள். உனக்கு ஒன்று நேர்ந்தால் இவள் நிலை என்னாகும் என்பதை அவள் சொல்லாமலே சொல்லிவிடுகிறாள். கலித்தொகையின் பதினோராம் பாடலிலோ, குட்டி கலக்கிய சிறிதளவு நீரைப் பிடிக்கு முதலில் ஊட்டிவிட்டுப் பின்னர்த் தான் உண்ணும் களிறு வருகிறது. வெயிலில் வாடிய பெடைக்குத் தன் சிறகால் விசிறும் புறா வருகிறது. நிழலற்ற காட்டில் தன் உடலின் நிழலைப் பிணைக்குத் தரும் கலைமான் வருகிறது. மனிதனுக்கு அன்பு இன்னதெனக் கற்பிக்கும் ஆசான்களாக விலங்குகள் அங்கே நிற்கின்றன.

எனினும் சங்க காலத்தைக் கொல்லாமையே நிலவிய பொற்காலமாகக் காட்டுவது உண்மைக்கு மாறானது. வேட்டையும் ஊன் உணவும் அக்கால வாழ்வின் பகுதிகள்; பாடல்கள் அவற்றை மறைக்கவில்லை. புலால் உண்ணாமையையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்து அறமாக உரைத்தவர் திருவள்ளுவர். அருளுடைமையை 25ஆம் அதிகாரமாக அமைத்து, அதை அடுத்தே புலால் மறுத்தலை வைத்த அவரது வைப்புமுறையே ஒரு வாதம். அருள் என்னும் சொல்லை ஏற்றுக்கொண்டவன், அடுத்த கணமே தன் உணவுக் கலத்தைப் பார்க்க வேண்டியவனாகிறான். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலார், பசித்த மனிதனுக்குச் சோறிடுவதையும் உயிர்க்கொலை தவிர்ப்பதையும் ஒரே நெறியின் இரு கூறுகளாகக் கண்டார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

இந்நெறிக்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதை மணிமேகலையின் ஆபுத்திரன் வாழ்வு காட்டுகிறது. பெற்ற தாய் இரவில் தோட்டத்தில் விட்டுச்சென்ற குழந்தை அவன். அழுத குரல் கேட்டு வந்த பசுவொன்று அவனை நாவால் நக்கி, ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. பின்னர் அந்தணர் ஒருவர் எடுத்து வளர்த்தார். வளர்ந்தபின், வேள்விக்காகக் கட்டப்பட்டு அஞ்சி நின்ற பசுவைக் கண்டான். நள்ளிரவில் அதை அவிழ்த்து ஓட்டிச் சென்றான், பிடிபட்டான், அடிபட்டான். புல்லை மேய்ந்து, பிறந்த நாள் தொட்டு உலகுக்குப் பாலூட்டும் இதனோடு உங்களுக்கு என்ன பகை என்று அவன் கேட்ட கேள்விக்கு, பசுத்திருடன் என்னும் பட்டமே விடையாகக் கிடைத்தது. வளர்த்த தந்தையும் கைவிட்டார். அவன் ஏந்திச் சென்ற பிச்சைக் கலத்தில் ஊரார் கல்லை இட்டனர்.

சாத்தனார் கதையை அங்கே நிறுத்தவில்லை. கல் விழுந்த அதே கலத்தோடு மதுரை சென்ற ஆபுத்திரன், கிடைத்த உணவைக் குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் பிணியாளர்க்கும் அளித்து, எஞ்சியதை உண்டு, வெற்றுக் கலத்தைத் தலைக்கு வைத்து உறங்கினான். அவன் கையில்தான் சிந்தாதேவி அமுதசுரபியைத் தந்தாள். பின்னாளில் மணிமேகலையின் கைக்கு வந்து காயசண்டிகையின் பசியைத் தீர்த்த கலம் அதுவே. ஒரு பசு ஒரு குழந்தைக்கு ஊட்டிய பால், காப்பியம் முழுவதும் பெருகிப் பல்லாயிரவர் பசி தீர்க்கும் சோறாகிறது. மனிதருக்குச் செய்யும் அறம் வேறு, விலங்குக்குச் செய்யும் அறம் வேறு எனப் பிரிக்கும் அறிவுக்குச் சாத்தனார் அளித்த மறுப்பாகவே இதைக் கொள்ளலாம்.

இவையெல்லாம் ஏட்டில் இனிக்கின்றன. வயலில் நிலைமை வேறு. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சப்பட்ட வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. உயிர்தப்பிய குட்டிகள் இரண்டும் தாயரின் உடல்களை விட்டு அகலாமல் சுற்றிச் சுற்றி நின்றன. குறுந்தொகை மந்தியின் குட்டிக்கு ஒப்படைக்கச் சுற்றம் இருந்தது. இக்குட்டிகளை யாரிடம் ஒப்படைப்பதென்று எண்ணவும் அத்தாயர்க்கு ஒரு கணம் வாய்க்கவில்லை.

அக்கொலையைக் கண்டிப்பது எளிது, கண்டிக்கவும் வேண்டும். ஆனால் ஓரிரவில் ஓராண்டு உழைப்பை இழக்கும் உழவனையும், யானை மிதித்து வீட்டுத் தலைவனை இழந்த குடும்பத்தையும் கணக்கில் கொள்ளாத கருணை, பேகனின் போர்வையைப் போலப் பாதி உண்மையாகவே நிற்கும். காட்டோரத்து மனிதன் மட்டுமே விலை கொடுக்க, நகரத்து மனிதன் இரக்கத்தின் பெருமையை மட்டும் பெறுவது அறமாகாது. பயிரிழப்புக்கும் உயிரிழப்புக்கும் உரிய ஈடு காலந்தாழாமல் கிடைக்கச் செய்வதும், யானைகளின் வழித்தடங்களில் கட்டடம் எழாமல் தடுப்பதும் ஊர் முழுவதற்கும் உரிய கடமைகள்.

இங்கும் சங்கப் பாடல்கள் சில குறிப்புகளைத் தருகின்றன. தினைப்புனம் காத்த குறிஞ்சி மகளிர் தம் விளைச்சலைக் கிளிகளுக்கு விட்டுவிடவில்லை. தழல், தட்டை, குளிர் என ஓசையெழுப்பி ஓட்டும் கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பெயர் சொல்லிக் குறிக்கிறார். பரண்மீது இருந்து கவண்கல் எறிந்தும், இரவில் தீக்கொள்ளி காட்டியும் விலங்குகளை விரட்டினர். மறுபுறம், அடார் என்னும் கற்பொறியையும் அவர்கள் அறிந்திருந்தனர். நற்றிணையின் 119ஆம் பாடலில், தினையுண்ணும் பன்றிக்கென வைத்த அடாரில் புலி அகப்படுகிறது. பன்றிக்கென இட்ட மின்வேலியில் யானை மாளும் செய்தியைப் படிக்கும்போது அந்தப் பாடல் நினைவுக்கு வராமல் இராது. ஓட்டும் கருவி விழித்திருப்பவன் கையில் இருக்கிறது. யார் வருகிறார் என்று அவனுக்குத் தெரியும். கொல்லும் பொறிக்கோ கண் இல்லை. விழிப்பின் இடத்தைப் பொறி பிடிக்கும்போது அருளுக்கு இடமில்லாமற் போகிறது.

அருளுக்கு விழிப்போடு அறிவும் வேண்டும். நோயுற்ற மாட்டின் வலி தீர 'டைக்ளோஃபினாக்' என்னும் மருந்தைக் கொடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர், மாட்டின்மேல் அன்புடையவர்களே. அம்மருந்து தங்கிய உடலோடு இறந்த மாட்டைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் பழுதுற்று மடிந்தன. 1990களில் தொடங்கிய அச்சரிவில், இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. காரணம் கண்டறியப்பட்டபின், 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு தடைசெய்தது. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகள் இன்றும் வட்டமிடுகின்றன. தொழுவத்துப் பசுவும் வானத்துப் பாறும் ஒரே இழையில் கட்டுண்டவை என்பதை நாடு மிகுந்த விலை கொடுத்தே கற்றது. வீட்டு விலங்கு, காட்டு விலங்கு என்னும் பிரிவு மனிதன் போட்ட கோடு. உயிர்களின் இயக்கத்தில் அக்கோடு இல்லை.

மணியின் நாவைக் கட்டுவோர் இக்காலத்திலும் இருக்கின்றனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப்பட்டியிலும் கொள்ளுகுடிப்பட்டியிலும் கண்மாய் மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அவை அஞ்சிக் கலையும் என்பதால் அவ்வூர் மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டோரத்து மரங்களிலேயே குஞ்சு பொரிக்கின்றன. அங்கும் வெடியோசை இல்லை. வேடந்தாங்கல் மக்களோ, பறவைகளைச் சுட வந்தவர்களுக்கு எதிராக முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமைச்சீட்டைப் பெற்றவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்களின் வயலுக்கு உரமாகிறது. இதைத் தன்னலம் என்று குறைகூற வேண்டியதில்லை. ஒன்றின் வாழ்வு மற்றொன்றுக்கு வாழ்வாவதே உறவு என்பதன் பொருள்.

இவ்வூர்களின் பெரும்பாலான மக்கள் அகநானூற்றைப் படித்திருக்க மாட்டார்கள். பண்டிகை நாளில் பட்டாசுக்கு ஏங்கும் பிள்ளையிடம், மரத்தில் குஞ்சு இருக்கிறது என்று சொல்லும் தாய், குறுங்குடி மருதனாரின் பாடலுக்கு உரை எழுதுகிறாள். அவ்வுரை ஏட்டில் இல்லை. ஓர் ஊரின் அமைதியில் இருக்கிறது.

கவிஞர்கள் கூடியுள்ள இவ்வவையில் நிறைவாக ஒன்றைச் சொல்வது பொருந்தும். குருவியும் யானையும் இன்றைய கவிதைகளில் மிகுதியாக வருகின்றன. அவற்றுள் பல, பார்த்து எழுதப்பட்டவை அல்ல, படித்து எழுதப்பட்டவை. குட்டி கலக்கிய நீரைக் களிறு யாருக்கு முதலில் ஊட்டியது என்று சொல்ல, ஒரு புலவன் கொதிக்கும் பாலையை உள்ளத்தால் நெடுநேரம் நோக்கியிருக்க வேண்டும். உவமைக்காக விலங்கைத் தேடுவதை விட்டு, விலங்குக்காகச் சற்று நேரம் ஓசையடங்கி நிற்கும் கவிஞனுக்கே அத்தகைய வரி வாய்க்கும். கவிதையும் ஒரு தேர்தான். அதற்கும் மணிகள் உண்டு. எந்த இடத்தில் அவற்றின் நாவைக் கட்ட வேண்டும் என்று அறிவது கலை, கட்டுவது அறம்.

இவ்வட்டம் தன் இருபதாம் ஆண்டு விழாவைக் கொண்டாடும் நாளில், அரங்கின் சன்னலுக்கு வெளியே ஒரு மரமும் அதில் ஒரு கூடும் இருக்கட்டும்.