நிலம் அதிர்ந்தால், கடல் மாறினால்: நாம் அறிந்திருக்க வேண்டியவை
(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால், பூமியதிர்ச்சி பற்றிப் பேசுமாறு சங்கத்தினர் கேட்டார்கள். விழா மேடைக்குப் பொருந்தாத விடயமென்று சிலர் நினைக்கலாம். ஆனால் நான் ஒரு கடனைத் தீர்க்கவே இதற்குச் சம்மதித்தேன்.

2004ஆம் ஆண்டில் நான் கிழக்குக் கரையோரப் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். நமது நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளந்தது. அதன் அளவு 9.1. நம் கரையை அலை அடைய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் எமக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை முறை எதுவும் அன்று இருக்கவில்லை. இலங்கையில் 30,000இற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஜனவரியில் பாடசாலை திறந்தபோது என் வகுப்பில் சில கதிரைகள் வெறுமையாக இருந்தன. ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: “ரீச்சர், கடல் வத்தினா ஓடவேணும் எண்டு உங்களுக்கு முதலே தெரியுமா?”

எனக்குத் தெரியும். ‘சுனாமி’ ஜப்பானியச் சொல் என்று படிப்பித்திருக்கிறேன். ஒரு புள்ளிக் கேள்விக்கு விடையாகப் பாடமாக்கச் சொல்லியிருக்கிறேன். அது எங்கள் கடலுக்கும் வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெற் தீவில், பத்து வயது ஆங்கிலச் சிறுமி ரில்லி சிமித், இரு வாரங்களுக்கு முன் புவியியல் பாடத்தில் படித்ததை நினைவில் வைத்துப் பெற்றோரை எச்சரித்தாள். அந்தக் கடற்கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். அவளுக்கும் ஒரு புவியியல் ஆசிரியர்தான் படிப்பித்தார்.

ஆகவே அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன்.

பூமியின் மேலோடு பல தகடுகளாலானது. அவை ஒன்றையொன்று நெருக்கியபடி மிக மெதுவாக நகர்கின்றன. விளிம்புகள் சிக்கி நிற்கும் இடத்தில் விசை சேர்கிறது. ஒரு நாள் சடுதியாக விடுபடுகிறது. அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு கூடும். ஆனாலும் அளவு மட்டும் அழிவைத் தீர்மானிப்பதில்லை. நியூசிலாந்தின் கிறைஸ்ற்சேர்ச் நகருக்கு அப்பால் 2010 செப்டெம்பரில் 7.1 அளவான அதிர்ச்சி அதிகாலையில் வந்தது. இடிபாட்டில் எவரும் இறக்கவில்லை. 2011 பெப்ரவரி 22இல் அதைவிடச் சிறிய அதிர்ச்சி, நகருக்கு மிக அருகில், ஆழம் குறைந்த இடத்தில், நண்பகல் கடந்த நேரத்தில் வந்தது. 185 பேர் மாண்டனர். பலரைக் கொன்றவை இடிந்த கட்டடங்களே.

நியூசிலாந்திலும் வன்கூவரிலும் கலிபோர்னியாவிலும் வாழும் எம் சகோதரிகளுக்கு முதலில் சொல்கிறேன். அதிரும்போது வெளியே ஓட வேண்டாம். உடனே தாழ்ந்து, பலமான மேசையின் கீழ்ப் புகுந்து, தலையையும் கழுத்தையும் மறைத்து, அதிர்வு நிற்கும்வரை மேசைக் காலைப் பிடித்திருங்கள். கட்டிலில் இருந்தால் அங்கேயே தலையணையால் தலையை மூடுங்கள். வெளியில் நின்றால் கட்டடங்களையும் மின்கம்பிகளையும் விட்டு விலகுங்கள். அதிர்வு நின்றபின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடவுங்கள்; உடைந்த கண்ணாடி காலை வெட்டும். லிஃப்றில் ஏற வேண்டாம். பின்னதிர்வுகளை எதிர்பாருங்கள்.

இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. உயரமான அலுமாரியைச் சுவரோடு பூட்டுங்கள். கட்டிலுக்கு மேலே பாரமான படங்கள் வேண்டாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு லீற்றர் வீதம் மூன்று நாளுக்காவது தண்ணீர், உலர் உணவு, வழமையான மருந்து, ரோர்ச், சிறு வானொலி, முக்கிய பத்திரங்களின் பிரதிகள் ஆகியவற்றை ஒரு பையில் ஆயத்தமாக வைத்திருங்கள். தொலைபேசி வேலை செய்யாவிட்டால் எங்கே சந்திப்பது என்று வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள்.

இனி, கரையில் வாழும் எங்களுக்கு. இலங்கை தகட்டின் விளிம்பில் இல்லை. ஆகையால் நிலம் அதிர்வதை நாம் உணராமலே அலை வரலாம். கடல் வழமைக்கு மாறாக வற்றினாலும், பொங்கி ஏறினாலும், இரைந்தாலும், பார்த்துக்கொண்டு நிற்காமல் உயரமான இடத்துக்கோ உள்நாட்டுக்கோ போங்கள். வற்றிய பின்தான் அலை வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். 2004இல் எங்கள் கிழக்குக் கரையில் நீர் முதலில் ஏறியே வந்தது. முதல் அலையோடு முடிந்துவிட்டது என்று திரும்பவும் வேண்டாம். பெரலியவில் முதல் அலை புகையிரதத்தை நிறுத்தியது. அயலவர் பலர் பாதுகாப்புத் தேடி அதற்குள் ஏறினர். அடுத்து வந்த பேரலை பெட்டிகளைப் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இன்று எச்சரிக்கை முறை உண்டு. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான அதிர்ச்சி ஏற்பட்டபோது அறிவித்தல் வந்தது. மக்கள் கரையை விட்டு அகன்றனர். பெரிய அலை வரவில்லை. “சும்மா ஓட வைத்தார்கள்” என்று சிலர் முணுமுணுத்தார்கள். பிள்ளைகள் அன்று பத்து முறை சும்மா ஓடியிருந்தாலும் நான் மகிழ்ந்திருப்பேன். இங்கிருப்பவர்கள் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

அன்று என்னைக் கேட்ட பிள்ளைக்கு, “தெரியும், நான் சொல்லவில்லை” என்று வகுப்பின் முன் சொன்னேன். அதன்பின் ஓய்வுபெறும் வரை, ஒவ்வொரு தவணையின் முதற் பாடத்திலும் கரையிலிருந்து மேட்டுக்குப் போகும் வழியைப் பிள்ளைகளோடு நடந்து காட்டினேன். எங்களில் எத்தனையோ பேர் ஆசிரியைகள், தாய்மார், பேத்திமார். வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளோடு அந்த வழியை ஒரு முறை நடந்து பாருங்கள்.