இழப்பு ஓரிடம், துரு வேறிடம்

(பொறியியற் கல்லூரி முதலாண்டு மாணவர்க்கு ஆற்றப்பெற்ற உரை)



பாலம் கட்டவும் பொறி இயக்கவும் கற்க வந்த இளைஞன், கல்லூரியின் முதலாண்டிலேயே வேதியியல் நூலைக் கையில் வாங்குகின்றான். பன்னிரண்டாம் வகுப்போடு தீர்ந்தது என்று அவன் எண்ணியிருந்த பாடம் அது. பள்ளியில் தமிழ்வழிப் பயின்றவனாயின் அவன் இடர் இருமடங்கு. பொருள் விளங்குமுன் சொல் மருட்டுகின்றது. சொல்லை நெட்டுருப் போடுகின்றான், தேர்வில் வெல்கின்றான், அடுத்த திங்களே மறக்கின்றான். அவ்வாறு மறக்கப்படும் பாடங்களுள் ஒன்று பாலத்தையே வீழ்த்த வல்லது. அதுதான் துரு.

துருவை அறியாத தமிழர் இலர். இரும்புக்குத் துரு, செம்புக்குக் களிம்பு என வேறுவேறு பெயரிட்டது தமிழ். அது வெறும் சொல்லழகன்று. வெட்டவெளியில் நெடுநாள் நின்ற செம்பின்மேற் படியும் பச்சைக் களிம்பு மாழையோடு ஒட்டி நின்று, உள்ளிருப்பதற்குப் போர்வையாகின்றது. இரும்பின் துருவோ பொருக்காய் உதிர்வது. உதிர்ந்த இடத்தில் புது இரும்பு காற்றுக்கும் நீருக்கும் இரையாகின்றது. (தாய்மார் புளியிட்டுச் செப்புக்குடத்தின் களிம்பை நீக்குவது உண்பார் நலம் கருதியே, செம்பின் நலம் கருதியன்று.)

இரும்பு உயிர்வளியோடு சேர்வதே துரு என ஒரே தொடரில் முடித்துவிடுவது பள்ளி வழக்கம். பிழையன்று, ஆயின் போதாது. துலக்கிய இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீர் விட்டுச் சில மணிநேரம் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். துளியின் ஓரத்திற்குக் காற்றிலுள்ள உயிர்வளி எளிதிற் கிட்டுகின்றது. நடுவிற்குக் குறைவாகவே கிட்டுகின்றது. இரும்பு எங்கே அழியும்? உயிர்வளி மிகுந்த ஓரத்தில்தான் என்பர் மாணவர் பலர். நடப்பது மறுதலை. நடுவிலுள்ள இரும்பணு ஒவ்வொன்றும், பாடநூல்கள் எலக்ட்ரான் என்றெழுதும் எதிர்மின்னிகளுள் இரண்டை விட்டுவிட்டு நீரிற் கரைகின்றது. அம்மின்னிகள் இரும்பினூடே ஓரத்திற்கு ஓடி, ஆங்குள்ள நீரோடும் உயிர்வளியோடும் கூடிக் காரத்தைத் தோற்றுவிக்கின்றன. கரைந்த இரும்பும் அக்காரமும் இடைவழியில் எதிர்ப்பட்டு, மேலும் உயிர்வளி ஏற்றுத் துருவாய்ப் படிகின்றன. துடைத்துப் பார்த்தால் நடுவில் பள்ளம், சுற்றிலும் துருவளையம்! துருவைக் கண்ட இடத்தைச் சுரண்டி வண்ணம் பூசிவிட்டு, பள்ளத்தைக் காணாமற் போகும் பொறிஞன் எத்துணைப் பேர்?

உப்பின் வேலை என்ன? நீரினூடே மின் ஓடுவதை எளிதாக்குவது. கடலோரத்து இரும்பு விரைந்து அழிவது பெரிதும் இதனால்.

இவ்விடத்தே சொல்லைப் பற்றியும் எண்ண வேண்டும். இரும்பு கரையும் முனையை ஆங்கிலர் ஆனோடு என்பர். மற்றதைக் கேத்தோடு என்பர். இவை வானத்திலிருந்து விழுந்தனவல்ல. 1834இல் மைக்கேல் பாரடே தம் ஆய்வுக்குச் சொல் வேண்டிக் கேம்பிரிட்சு அறிஞர் வில்லியம் இயூவெலைக் கேட்டார். அவர் மேலேறும் வழி, கீழிறங்கும் வழி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை எடுத்துத் தந்தார். வேதியியலார் மொழியறிஞரை நாடியதில் இழுக்கொன்றும் காணவில்லை. தமிழில் ஆனோடு நேர்மின்முனை எனப் பெயர் பெற்றது. துருவிலோ அம்முனை எதிர்மின்னியை வெளிவிடுவதால் மாணவன் மயங்குகின்றான். ஆக்சிசனேற்றம் என்பதும் அத்தகையதே. உயிர்வளி சிறிதும் இல்லாத வினையிலும் மின்னியிழப்பு நிகழ்வதுண்டு. சொல் தமிழாயிருந்தால் மட்டும் போதாது. வினையைச் சரியாகச் சுட்டவும் வேண்டும். இழப்புமுனை, ஏற்புமுனை என்று சொல்லிப் பார்த்தால் ஐயம் எழுவதில்லை. கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழியே தொடங்கப்பட்டன. ஆகவே இது புலவர் மன்றத்து வழக்காக நின்றுவிடலாகாது.

மறைவிடத்து அரிப்பு என்ன செய்யும்? அமெரிக்காவில் ஒகாயோ ஆற்றின்மேல் 1928இல் சில்வர் பாலம் எழுந்தது. கண்ணுள்ள இரும்புச் சட்டங்களைக் கோத்த சங்கிலி அதனைத் தாங்கிற்று. 1967 திசம்பர் 15 அன்று, மாலை நெரிசலில், வண்டிகளோடு அது ஆற்றில் விழுந்தது. மாண்டோர் 46 பேர். ஒரு சட்டத்தின் கண்ணுக்குள், இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கிய வெடிப்பே கரணியம். அதன் ஆழம் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். ஒரு நெல்மணியின் பருமன். இணைப்பைக் கழற்றாமல் அதனைக் காண வழியில்லை.

தமிழகத்திற்கும் இது தொலைவுச் செய்தியன்று. பாம்பன் தொடர்வண்டிப் பாலம் 1914இல் திறக்கப்பட்டு, உப்புக்காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடியது. 2022 திசம்பரில் அதன்மேல் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்பிரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திற்குத் துருவேறா எஃகுக் கம்பிகளும் தனிவகைப் பூச்சும் வேண்டியிருந்தன. அரிப்பை ஆராயும் நடுவண் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமோ காரைக்குடியிலேயே உள்ளது. 1953இல் திறக்கப்பெற்ற அதற்கு நிலமும் பொருளும் ஈந்தவர் வள்ளல் அழகப்பர்.

ஆய்வகத்தில் இதனைக் கண்ணாரக் காணலாம். கடற்பாசிக் கூழில் பினால்ப்தலீனும் பொட்டாசியம் பெர்ரிசயனைடும் சிறிது உப்பும் கலந்து, ஓர் இரும்பாணியைப் புதைத்து வைக்க வேண்டும். இரும்பு கரையுமிடம் நீலமாகும். காரம் தோன்றுமிடம் இளஞ்சிவப்பாகும். ஆலையில் அடித்து உருவாக்கிய தலையும் கூரும் நீலமாதலும், நடுத்தண்டு சிவத்தலும் பெரும்பாலும் காணப்படும். பக்கத்தில் இன்னோர் ஆணி. அதன்மேல் இறுக்கிச் சுற்றிய துத்தநாகத் தகடு. மறுநாட் காலை வந்து, அவ்வாணியில் எங்கேனும் நீலம் உண்டா என்று தேடிப் பாருங்கள்.