படகில் ஏறிய புலி
(புதுச்சேரிக் கூட்டமொன்றில் பேசியது)



இன்று புராணத்தைப்பற்றிப் பேசுவேனென்று எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாயிருக்கும். ஒரு நாவலைப்பற்றிப் பேசப்போகிறேன். கனடா தேசத்து யான் மார்ட்டெல் என்பவர் 2001-ல் வெளியிட்டு, அடுத்த வருஷம் புக்கர் பரிசு வாங்கிய "லைஃப் ஆஃப் பை" என்னும் புத்தகம். 2012-ல் சினிமாவாக வந்தபோது நம் ஊரிலேயும் படம் பிடித்திருந்தார்கள். ஆகையால் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் எட்டாவதோடு நின்றவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் இராத்திரியில் படித்தேன்.

ஆரம்பத்திலேயே நேரு வீதி காபி ஹவுஸில் ஒரு பெரியவர், இந்தக் கதையைக் கேட்டால் கடவுள் நம்பிக்கை வந்துவிடும் என்கிறார். சரி, வருகிறதா பார்ப்போம் என்று மேலே போனேன். (சிரிப்பு)

கதாநாயகன் பட்டேல் என்ற பையன். தகப்பனார் நம் தாவரவியல் பூங்காவில் பெரிய மிருகக்காட்சிசாலை நடத்துகிறாராம். பிரெஞ்சுக்காரர் 1826-ல் போட்ட அந்தத் தோட்டத்தைத் தினமும் பார்க்கிற உங்களுக்கு அங்கே எத்தனை புலி இருக்கிறதென்று நான் சொல்லவேண்டியதில்லை. போகட்டும், கதை எழுதுகிறவருக்கு அந்தச் சுதந்தரம் உண்டு.

பையன் கோவில், மாதா கோவில், மசூதி மூன்றுக்கும் போகிறவன். ஒருநாள் கடற்கரையில் மூன்று மதக் குருமாரும் எதிர்ப்பட்டு, இவன் எங்கள் ஆள் என்று சண்டை பிடிக்கிறார்கள். நாம் பத்து வருஷம் மேடையில் கத்துவதை இவர் நாலு பக்கத்தில் காட்டிவிட்டார்!

நம்மவர் ஒருவரும் வருகிறார். குமார் என்ற நாஸ்திக வாத்தியார். சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்தில் கிடந்து, கடவுள் எங்கே எங்கே என்று கேட்டவர். கடவுள் வரவில்லை, மருந்து வந்தது. 2014-ல் இந்தியா அந்த நோய் ஒழிந்த தேசமென்று சான்று பெற்றதும் சொட்டு மருந்தாலேயே தவிர, கூழ் ஊற்றியதால் அல்ல. இந்த வாத்தியாரை ஆசிரியர் கேலி செய்யவில்லை என்பதையும் யோக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

பிறகு கப்பல் முழுகுகிறது. படகில் பையனும் வரிக்குதிரையும் கழுதைப்புலியும் மனிதக்குரங்கும் ஒரு வங்கப் புலியும். கடைசியில் பையனும் புலியுமாக 227 நாள்! தோழர்களே, இந்தப் பகுதியில் புத்தகத்தைக் கீழே வைக்க என்னால் முடியவில்லை. விடிந்துவிட்டது, என் சம்சாரம் திட்டினாள். பையன் ஓயாமல் பிரார்த்தனை செய்கிறான். ஆனால் தாகத்துக்குக் கிடைத்தது, வெயிலைக்கொண்டு உப்புநீரை நன்னீராக்கும் கருவியும் மழையும். பசிக்கு மீனும் ஆமையும். புலியை அடக்க ஒரு விசில். கடலுக்குப் போகிற வீராம்பட்டினத்துத் தோழர்களுக்கு இது விளங்கும்.

முடிவில் இரண்டு ஜப்பான் அதிகாரிகள் விசாரிக்க வருகிறார்கள். மனிதக்குரங்கு வாழைப்பழத்தின்மேல் மிதந்து வந்தது என்றதும், பழம் மிதக்காது என்கிறார்கள். பையன் தொட்டியில் போட்டுப் பார்க்கச் சொல்கிறான். நானும் எழுந்துபோய் வாளியில் போட்டுப் பார்த்தேன். மிதந்தது! (கைதட்டல்)

அவர்கள் புலியை நம்பாததால் பையன் வேறு கதை சொல்கிறான். மிருகங்களே இல்லை, படகில் தாயாரும், ஒரு மாலுமியும், சமையற்காரனும். சமையற்காரன் மாலுமியின் காலை வெட்டுகிறான், தாயாரைக் கொல்கிறான், பையன் அவனைக் கொல்கிறான். பிறகு பையன் கேட்கிறான்: எந்தக் கதை நல்ல கதை? புலிக் கதைதான் என்கிறார்கள். கடவுள் விஷயமும் அப்படித்தான் என்று முடித்துவிடுகிறார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. வாழைப்பழத்தைத் தொட்டியில் போட்டுப் பார்த்த அதே அதிகாரிகள், ஒரு தாய் கொலையுண்டாளா இல்லையா என்று பார்க்கவேண்டிய இடத்தில், எது அழகாயிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்! அவர்கள் வந்தது கப்பல் ஏன் முழுகிற்று என்று அறிய. அது இரண்டு கதையிலும் இல்லை. அறிக்கையில் புலிதான் ஏறிற்று. அழகான கதையைக் கேட்டு, செத்தவர்களின் கணக்கை நாம் எத்தனை தடவை இப்படி மூடியிருக்கிறோம்!

அந்தப் புலியின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். அது ஒரு மெய்யான பையனின் பெயர். 1884-ல் மிக்னோனெட் என்ற படகு இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகையில் முழுகி, நாலு பேர் சிறு தோணியில் தப்பினார்கள். அவர்களில் 17 வயது வேலைக்காரப் பையன் ரிச்சர்ட் பார்க்கர், உப்புநீர் குடித்து நினைவிழந்து கிடந்தான். அவனைக் கொன்று தின்று மற்ற மூவரும் பிழைத்தார்கள். கரைசேர்ந்ததும் நடந்ததை அவர்களே மறைக்காமல் சொன்னார்கள். கொலைக்குத் தண்டிக்கப்பட்ட இருவருக்குத் தூக்கு விதித்து, பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைத்தார்கள். அந்த நீதிபதிகள் எது நல்ல கதை என்று யாரையும் கேட்கவில்லை.