நரியும் பரியும் நமக்குள்ளே

 

இங்கே அறந்தாங்கியில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகர் குருந்த மரத்தடியில் குருவைக் கண்ட திருப்பெருந்துறை அதுதான். பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த அமைச்சரான அவர், கொண்டுவந்த பொன்னையெல்லாம் கோயிலுக்கே செலவழித்துவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிப்போனான். ராத்திரியானதும் அவை மறுபடி நரிகளாகி, லாயத்தில் நின்ற நல்ல குதிரைகளையும் கடித்துக் குதறின. பாட்டி சொல்லிக் கேட்ட கதை. கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறோம்.

எழாதீர்கள்! அந்த லாயம் எங்கே இருக்கிறது? இங்கே, நெஞ்சுக்குள்ளே இருக்கிறது. காலையில் நீறு பூசி, ‘இனிக் கோபப்படமாட்டேன்’ என்று சொல்கிறோம். பகலெல்லாம், கடைத்தெருவில், ஆபீஸில், கோபம் சேணம் பூட்டிக்கொண்டு அடக்கமாக நிற்கிறது. விளக்கு வைத்த பிறகு, பெற்ற பிள்ளையிடமும் கட்டியவளிடமும் பல்லைக் காட்டுகிறது. நம்மிடம் உண்மையாகவே இருந்த நல்ல குணத்தையும் சேர்த்துக் கடிக்கிறது.

அவர் பாடிய திருவாசகத்தை இந்தக் கண்ணோடு படியுங்கள். 51 பகுதிகள். அவற்றில் நீத்தல் விண்ணப்பம் என்று 50 பாட்டு. எப்போது பாடியது? அருள் கிடைக்கும் முன்பா? இல்லை ஐயா, கிடைத்த பிறகு! குருவைக் கண்டாயிற்று, ஆட்கொள்ளப்பட்டாயிற்று. அதற்கப்புறமும் மனசு பழைய ஆசைகளின் பக்கமே சாய்கிறது, என்னைக் கைவிட்டுவிடாதே என்று கதறுகிறார். ஒரு நாட்டின் அமைச்சராக இருந்தவர், தம் மனசின் சறுக்கலை இவ்வளவு வெளிப்படையாக ஊரறியச் சொல்கிறார். அதே நூலில் உள்ள திருச்சதகத்தின் நூறு பாட்டையும் பத்துப் பத்தாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். மெய்யுணர்தலில் தொடங்கி, ஆத்தும சுத்தி வழியாக ஆனந்தாதீதம் வரைக்கும் ஒரு மனசு நடந்துபோன தடம் அது.

‘எல்லாம் மனசுக்குள்ளே என்றால் சாமியைக் குறைத்துச் சொல்கிறாயா?’ என்று ஒரு பெரியவர் கேட்கலாம். ஆவுடையார்கோயிலே பதில் சொல்கிறது. கருவறையில் லிங்கம் கிடையாது, அதன் பீடமான ஆவுடை மட்டும்தான். அம்மன் சந்நிதியில் உருவம் கிடையாது, திருவடி மட்டும்தான். எதிரே நந்தி இல்லை, கொடிமரமும் இல்லை. கல்லைக் கயிறாகத் திரித்த கொடுங்கையை அண்ணாந்து பார்த்து அசந்து போகிறோம். அந்தச் சிற்பிகளுக்கு ஒரு லிங்கம் செய்யத் தெரியாதா? நிவேதனத்தைக் கவனித்திருக்கிறீர்களா? புழுங்கலரிசிச் சோற்றை ஆவி பறக்கக் கல்மேடையில் கொட்டுகிறார்கள். அந்த ஆவிதான் படையல். வெளியே பிடித்துக்கொள்ள ஏதுமில்லாமல் கண்ணை உள்ளே திருப்பி அனுப்புகிற கோயில் அது. அங்குள்ள சபைகள் உடம்பின் ஆறு ஆதாரங்களைக் குறிப்பவை என்றும் பெரியவர்கள் சொல்வார்கள்.

திருவாசகம் முற்றோதல் நடத்தும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். காலையில் தொடங்கிச் சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஓட்டமாக ஓடாதீர்கள். நீத்தல் விண்ணப்பம் வரும்போது பத்துப் பாட்டுக்கு ஒருமுறை நிறுத்துங்கள். கூட வரும் பிள்ளைகளிடம், ‘இந்தப் பாட்டில் இவர் எதற்குப் பயப்படுகிறார், உனக்கு அந்தப் பயம் வந்ததுண்டா?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு, அடுத்த பாட்டுக்குப் போங்கள்.